மூச்சு தயார், கால் தயாரா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ரகம். அடிபட்டது, ஆறிவிட்டது, மறுபடி ஓடப்போகிறேன், சரி என்று சொல்லுங்கள். நிறைய பேர் கேள்வி கேட்பது போல எழுதினாலும் கேட்பதென்னவோ ஆசீர்வாதம்தான். சிலருக்குக் கொடுத்திருக்கிறேன், எல்லோருக்கும் இல்லை.

கேள்வி: எனக்கு வயது 43. எட்டு வருடமாக ஓடுகிறேன், அரை மராத்தானில் என் சிறந்த நேரம் 1 மணி 52 நிமிடம். போன சீசன் முழுக்கக் காயம். முதலில் வலது அக்கிலிஸ், அதாவது குதிகாலுக்கு மேலே இருக்கிற நாண். அது கொஞ்சம் அடங்கியதும் அவசரப்பட்டுத் திரும்பினேன், இடது முழங்கால் பிடித்துக்கொண்டது. அதுவும் போய், கடைசியில் இடது கணைக்கால் எலும்பில் வலி. எம்ஆர்ஐ எடுத்தபோது, ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது தொடர்ந்த பளுவால் எலும்பில் விழுகிற விரிசல், ஆவதற்கு முந்தைய நிலை என்றார்கள். ஆக ஒன்பது மாதம் போயிற்று. இப்போது வலி இல்லை, மறுபடி ஓடலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். வாரம் மூன்று நாள் மெதுவாக 5 கிலோமீட்டர் ஓடுகிறேன், மூச்சு வாங்கவே இல்லை. 14 வாரத்தில் ஒரு அரை மராத்தான் வருகிறது, பெயரும் கொடுத்துவிட்டேன். 2 மணி நேரத்துக்குள் முடிக்க ஆசை. ஓடலாமா?

பதில்: ஓடலாம். ஆனால் அந்த 2 மணி நேரத்தை இன்றைக்கே கிழித்துப் போடுங்கள்.

'மூச்சு வாங்கவே இல்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்திய வரி அதுதான். எட்டு வருடம் ஓடிய உடம்புக்கு இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழைய நிலைக்குப் பக்கத்தில் வந்துவிடும், தசையும் சீக்கிரம் வரும். தசையை எலும்போடு கட்டுகிற நாண் அப்படி வராது, அதற்கு மாதக்கணக்கு வேண்டும். எலும்பு இன்னும் மோசம். பளு ஏறும்போது எலும்பு முதலில் பழையதைக் கரைக்கும், அப்புறம்தான் புதிதாகக் கட்டும். கரைக்கிற வேலை சில வாரத்தில் முடிந்துவிடுகிறது, கட்டுகிற வேலைக்கு மூன்று நான்கு மாதம் ஆகிறது, நடுவில் இருக்கிற காலத்தில் அந்த இடம் முன்பிருந்ததைவிடக் கொஞ்சம் பலவீனமாகவே இருக்கும். அந்த நாட்களில்தான் மூச்சு 'இன்னும் போ, இன்னும் போ' என்று விரட்டும். மாடு தயார், வண்டியின் அச்சு இன்னும் பச்சை மரம்.

அடுத்து, நீங்கள் மூன்று காயம் என்று எண்ணுகிறீர்கள். எனக்கு அது ஒரே காயம் இடம் மாறியது போலத்தான் படுகிறது. வலது கால் சரியாக ஆறாமல் ஓட ஆரம்பித்தீர்கள், உடம்பு தானாகவே பாரத்தை இடது பக்கம் தள்ளியிருக்கும், முழங்கால் கொஞ்ச நாள் தாங்கியது, பிறகு எலும்பு தாங்கியது. கடிதம் வழியாக இதை உறுதியாகச் சொல்ல எனக்கு வழியில்லை, ஆனால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். சுவரில் விரல் நுனியை வைத்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று, முட்டியை மடக்காமல் குதிகாலை முழு உயரத்துக்குத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். ஒவ்வொரு காலிலும் எத்தனை வருகிறது என்று எண்ணுங்கள். 20, 25 வந்தால் நல்லது. இடது 24, வலது 13 என்று வந்தால் உங்கள் வேலை வலது கெண்டைக்காலில்தான் இருக்கிறது. வலி எந்தக் காலில் கடைசியாக வந்தது என்பது அப்போது பெரிய விஷயமே இல்லை.

இதில் எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. ஸ்வீடனில் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் என்று ஒரு எலும்பு மருத்துவர், அவரும் ஓட்டக்காரர், அவருக்கும் அக்கிலிஸ் வலி. அறுவை சிகிச்சை செய்துவிடுங்கள் என்று மேலதிகாரியிடம் கேட்டால் அவர் மறுத்துவிட்டாராம். மனிதருக்குக் கோபம். சரி, இந்த நாணை நானே அறுத்துக்கொள்கிறேன், அப்போது செய்துதானே ஆக வேண்டும் என்று வலிக்க வலிக்கப் படியில் நின்று குதிகாலைக் கீழே இறக்கும் பயிற்சியைச் செய்துகொண்டே இருந்தார். நாண் அறுபடவில்லை, வலி போய்விட்டது! பிறகு அதையே முறையாகச் சோதித்து 1998-இல் வெளியிட்டார். முட்டியை நீட்டி 15 முறை வீதம் 3 சுற்று, லேசாக மடக்கி இன்னொரு 3 சுற்று, இதைத் தினமும் இரண்டு வேளை, 12 வாரம். கூட்டிப் பாருங்கள், ஒரு நாளைக்கு 180. இவ்வளவு செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது. நல்லவேளை, எடையைக் கூட்டி மெதுவாக வாரம் மூன்று நாள் செய்தாலும் அதே அளவு பலன் என்று பின்னால் வந்த ஆய்வு சொல்கிறது. நான் அப்படித்தான் செய்கிறேன், முதுகில் புத்தகங்கள் நிரப்பிய பை. ஒரு எச்சரிக்கை: நாண் குதிகால் எலும்போடு சேருகிற இடத்திலேயே வலி என்றால் படிக்குக் கீழே இறக்காதீர்கள், தரை மட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி 14 வாரக் கணக்கு. வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே என்கிற பழைய விதி உங்களுக்கும் தெரிந்திருக்கும். அதை நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் புதிதாக ஓட வந்த ஐந்நூற்றுச் சொச்சம் பேரை வைத்துச் சோதித்தார்கள், முடிவு 2008-இல் வந்தது. 10 சதவீத விதிப்படி போனவர்களிலும் ஐந்தில் ஒருவருக்கு அடிபட்டது, வழக்கமான திட்டத்தில் போனவர்களிலும் ஐந்தில் ஒருவருக்கு அடிபட்டது. ஆக வாரக் கணக்கில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. 2025-இல் வெளிவந்த இன்னொரு பெரிய ஆய்வு, ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் கைக்கடிகாரப் பதிவுகளை வைத்து வேறொன்றைக் காட்டியது. வாரத்தின் மொத்தத்தை விட்டுவிட்டு ஒற்றை ஓட்டத்தைப் பார்த்தார்கள். கடந்த 30 நாளில் நீங்கள் ஓடிய மிக நீண்ட ஓட்டம் எதுவோ, அதை ஒரே நாளில் 10 சதவீதத்துக்கு மேல் தாண்டும்போது காயம் கூடுகிறது. என் அனுபவத்துக்கும் இது பொருந்துகிறது. நம்மைக் கவிழ்ப்பது எப்போதுமே அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், 'இன்றைக்கு நன்றாக இருக்கிறதே, இன்னும் கொஞ்சம்' என்று போகிற ஞாயிற்றுக்கிழமை.

அந்த விதியை உங்கள் மேல் போட்டுப் பார்ப்போம். 14 வாரத்தில் கடைசி 2 வாரம் ஓய்வுக்காகக் குறைக்க வேண்டும், மிச்சம் 12. மூன்று வாரம் ஏற்றி ஒரு வாரம் இறக்கி என்று போனால் மொத்தம் ஒன்பது முறை ஏற்றலாம், அவ்வளவுதான். 5 கிலோமீட்டரை ஒன்பது முறை 10 சதவீதம் ஏற்றினால் 12 கிலோமீட்டர்கூட முழுசாக வராது. ஓட வேண்டியது 21.0975. மீதி 9 கிலோமீட்டரை எங்கே போய் வாங்குவது?

இன்னும் 5 வாரம் இருந்தால் இதே கணக்கு 17-ஐத் தொடும், 17 ஓடியவர் 21-ஐ முடித்துவிடுவார். அதனால் பதிவைத் தள்ளிப்போட முடியும் என்றால், அல்லது அதே நாளில் 10 கிலோமீட்டர் போட்டி இருந்து அதற்கு மாற்றிக்கொள்ள முடியும் என்றால் முதலில் அதைச் செய்யுங்கள். முடியாது, இதில்தான் நிற்பேன் என்றால், அந்த 9 கிலோமீட்டரை நடையில்தான் வாங்க வேண்டும். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலவே, ஓடு, களைக்கும் முன்பே நட, மறுபடி ஓடு என்று எழுபதுகளிலிருந்து சொல்லிக் கொடுத்த முறை இருக்கிறதே, அதுதான். களைத்த பிறகு நடப்பது வேறு, முதல் கிலோமீட்டரிலிருந்தே நடப்பது வேறு. நீண்ட ஓட்ட நாளை 4 நிமிட ஓட்டம், 1 நிமிட விறுவிறு நடை என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஓட்டம் கிலோமீட்டருக்கு 7 நிமிடம், நடை பத்தரை நிமிடம் என்று வைத்தால் சராசரி ஏழரை நிமிடம் வரும், போட்டியை 2 மணி 38 நிமிடத்தில் முடிப்பீர்கள். பழைய 1:52-இல் நீங்கள் ஓடியது கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 18 நொடி. பக்கத்தில் ஓடுகிறவர்கள் யாருக்கும் அந்தப் பழைய கணக்கு தெரியாது, உங்களுக்கு மட்டும்தான் தெரியும், உறுத்தும்.

வலியை எப்படி அளப்பது? பத்துக்கு மதிப்பெண் போடுங்கள். ஓடும்போது 3 வரை முணுமுணுப்பு இருந்தால் ஓடலாம், மறுநாள் காலையில் முதல் அடி வைக்கும்போது அது முந்தைய நாள் அளவுக்கே திரும்பியிருக்க வேண்டும். ஏறியிருந்தால் நேற்றைய ஓட்டம் அதிகம். இது நாணுக்கும் முழங்காலுக்கும் சொன்ன கணக்கு, அந்தக் கணைக்கால் எலும்புக்குப் பொருந்தாது. எலும்பில் ஒரே ஒரு இடத்தில் விரல் வைத்தால் சுருக்கென்று வலிக்கிறது, அல்லது ஒற்றைக் காலில் குதித்தால் அங்கேயே வலிக்கிறது, அல்லது இரவில் படுத்திருக்கும்போது வலிக்கிறது என்றால் மதிப்பெண் ஒன்றுகூடக் கிடையாது, அன்றே நிறுத்தம்.

அப்புறம் என் கதை. கெண்டைக்கால் தசை இரண்டு முறை கிழிந்த ஒரு வருடத்துக்குப் பிறகு நான் ஓடிய அரை மராத்தானில், 13-வது கிலோமீட்டர் வரை திட்டப்படி ஓடி நடந்து வந்தேன். உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. நடையை நிறுத்திவிட்டேன். முன்னால் போன ஒரு பெரியவரைப் பிடிக்க வேண்டும் என்று தோன்றியது, என்ன காரணமோ. 17-இல் கெண்டைக்காலை யாரோ பின்னாலிருந்து கல்லால் அடித்தது போல இருந்தது. மீதி 4 கிலோமீட்டரும் நொண்டி நடை. அந்தப் பெரியவர் முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

கேள்வி: முழங்கால் 90 சதவீதம் சரி. போட்டி அன்று காலை முன்னெச்சரிக்கையாக இபுப்ரோஃபென் வலி மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டு ஓடலாமா?

பதில்: வேண்டாம். வலி தெரியாமல் போவது முதல் ஆபத்து, எங்கே நிறுத்துவது என்று சொல்ல ஆளில்லாமல் போகும். இரண்டாவது, நீண்ட ஓட்டத்தில் ஏற்கெனவே சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தம் குறைகிறது, வியர்வையில் நீரும் போகிறது, அந்த நேரத்தில் இந்த வகை மாத்திரை சிறுநீரகத்தை இன்னும் நெருக்கும். மாத்திரை இல்லாமல் ஓட முடியாத முழங்கால் 90 சதவீதம் சரியான முழங்கால் இல்லை.

கேள்வி: ஒவ்வொரு முறையும் சரியாக 6-வது கிலோமீட்டரில் முழங்காலின் வெளிப்பக்கம் வலி ஆரம்பிக்கிறது, கடிகாரம் வைத்தது போல. இறக்கத்தில் தாங்க முடியவில்லை. நின்றுவிட்டால் போய்விடுகிறது. தசையை அழுத்தித் தேய்க்கிற உருளை இருக்கிறதே, அந்த ரோலரில் தினமும் அரை மணி நேரம் உருட்டுகிறேன், பலன் இல்லை.

பதில்: நீங்கள் எழுதியிருப்பது ஐடி பேண்ட் வலிக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது. இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி முழங்காலுக்குக் கீழே முடிகிற தடித்த பட்டை அது. உருட்டி நீட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள், கார் இருக்கையின் பெல்ட்டைப் பூரிக்கட்டையால் நீட்டப் பார்ப்பது போலத்தான். உருட்டினால் கொஞ்ச நேரம் சுகமாக இருக்கும், அதற்காக வேண்டுமானால் செய்யுங்கள், அரை மணி நேரமெல்லாம் அநியாயம்.

வலி 6-இல் வருகிறது என்றால் 5-இல் நிறுத்துங்கள். வலிக்கும் வரை ஓடி ஓடி அந்த இடத்தை மறுபடி மறுபடி கிளறினால் ஆறவே ஆறாது. இறக்கத்தைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணி, அதே வேகத்தில் அதை 5 முதல் 10 சதவீதம் கூட்டிப் பாருங்கள். 160 என்றால் 168, 170. அடி குட்டையாகும், முழங்கால் மேல் விழுகிற சுமை குறையும். முதல் வாரம் கேலிச்சித்திரம் போல ஓடுவதாகத் தோன்றும், பரவாயில்லை. கூடவே இடுப்பின் பக்கவாட்டுத் தசைக்குப் பயிற்சி: பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குவது, ஒற்றைக் காலில் படி இறங்குவது.

கேள்வி: ஓடுவது நான் இல்லை, என் வீட்டுக்காரர். குதிகால் வலியால் நான்கு மாதமாக ஓடாமல் இருக்கிறார், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். ஓடினாலும் தொல்லை, ஓடாவிட்டாலும் தொல்லை. என்ன செய்ய?

பதில்: 'அப்பவே சொன்னேன் ஓட வேண்டாம்னு' என்ற வாக்கியத்தை மட்டும் எடுத்துவிடுங்கள், பாதி சண்டை குறையும். தினமும் ஓடி மனச்சுமையை இறக்கி வைத்தவருக்கு அந்த இடம் திடீரென்று பூட்டிக் கிடக்கிறது, எரிச்சல் வரத்தான் செய்யும். கழுத்தளவு நீரில் மிதவைப் பட்டை கட்டிக்கொண்டு தரையில் கால் படாமல் ஓடச் சொல்லுங்கள். பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் மூச்சுத் திறன் வாரக்கணக்கில் குறையாமல் நிற்கும். சைக்கிளும் சரி. அவரிடம் இதையும் சொல்லுங்கள்: குதிகால் வலிக்கு ஓய்வு மட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மருந்தாகாது, கால் விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சி வேண்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

கேள்வி: வயது 26. இரண்டு வருடத்தில் மூன்று ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று பயிற்சியாளர் சொல்வதால் சாப்பாட்டைக் குறைத்திருக்கிறேன். ஐந்து மாதமாக மாதவிலக்கு வரவில்லை, ஓடுகிறவர்களுக்கு அது சகஜம் என்கிறார்கள். அடுத்த மாதம் அரை மராத்தான். இடுப்புக்கும் தொடைக்கும் நடுவில் லேசாக வலிக்கிறது. பெயர் வேண்டாம்.

பதில்: தங்கையே, அடுத்த மாதம் ஓடாதீர்கள். இன்றைக்கும் ஓடாதீர்கள்.

கவட்டையில் ஆழமாக வருகிற வலி, ஏற்கெனவே மூன்று எலும்பு விட்டுக்கொடுத்த ஒருவருக்கு வந்தால், அது தொடை எலும்பின் கழுத்தில் விழுந்த விரிசலாக இருக்கலாம். அது முழுசாக முறிந்தால் அறுவை சிகிச்சையில்தான் முடியும். இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினால், எம்ஆர்ஐ வேண்டுமா என்று கேளுங்கள், ஆரம்பகால விரிசல் எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது.

மாதவிலக்கு நிற்பது பலருக்கு நடக்கிறது என்பது உண்மை, அதனால் அது சரியாகிவிடாது. செலவழிக்கிற சக்திக்கு ஏற்ற அளவு சாப்பாடு போகாதபோது உடம்பு ஒவ்வொரு துறையாக மூடிக்கொண்டு வரும். முதலில் மூடுவதில் ஒன்று இது. ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, எலும்பைக் காப்பதில் ஈஸ்ட்ரோஜனுக்குப் பெரிய பங்கு உண்டு. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இதற்கென்று ஒரு பெயரே வைத்தது, சுருக்கமாக ரெட்-எஸ். ஆண்களுக்கும் வரும், அவர்களுக்கு இப்படி ஒரு வெளிப்படையான அறிகுறி இல்லாததால் தாமதமாகத்தான் தெரியும். டாக்டரிடம் மூன்று முறிவையும் ஐந்து மாதத்தையும் சாப்பாட்டைக் குறைத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள், தனித்தனியாகச் சொன்னால் தனித்தனி மருந்துதான் கிடைக்கும். எலும்பு அடர்த்தி, வைட்டமின் டி, இரும்புச்சத்து பார்க்கச் சொல்லுங்கள். பயிற்சியாளரை மாற்றுங்கள். இதைக் கேட்க நீங்கள் எழுதவில்லை, தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

கேள்வி: காயத்திலிருந்து திரும்பும்போது, அடிப்பகுதிக்குள் கார்பன் தட்டு வைத்த ஷூ உதவுமா?

பதில்: வேகத்துக்கு உதவும், உங்கள் கேள்வி அது இல்லையே. பாதம் பளுவை வாங்குகிற விதத்தை அந்த ஷூ மாற்றுகிறது. இப்போதுதான் பழைய பளுவுக்கே பழகிக்கொண்டிருக்கிற காலுக்குப் புதுப் பளு எதற்கு? பழகிய ரகத்திலேயே ஒரு ஜோடி வாங்கி, போட்டிக்கு முன் சில வாரம் அதில் ஓடிவிடுங்கள்.

கேள்வி: மருத்துவமனையிலிருந்து வந்த கொஞ்ச நாளில் ஓடி ஜெயித்தவர்கள் இருக்கிறார்களே?

பதில்: இருக்கிறார்கள். ஜோன் பெனாய்ட் 1984-இல் முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்த 17-வது நாள் அமெரிக்கத் தேர்வுப் போட்டியில் முழு மராத்தான் ஓடி ஜெயித்தார், அதே வருடம் பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மராத்தானையும் ஜெயித்தார். அவருக்கு அது வாழ்நாளில் ஒரே முறை வருகிற வாய்ப்பு. உங்கள் அரை மராத்தான் அடுத்த வருடமும் வரும்.

கேள்வி: ஒரு வருடக் காயத்துக்குப் பிறகு போன வாரம் அரை மராத்தான் ஓடினேன். 16-வது கிலோமீட்டரில் கணைக்காலில் ஒரே இடத்தில் சுருக்கென்று வலி, நடை மாறிவிட்டது, விலகிவிட்டேன். தெரிந்தவர்கள் எல்லாம் 'முடித்தாயா' என்று கேட்கிறார்கள். இன்னும் 5 கிலோமீட்டர்தானே, நடந்தாவது முடித்திருக்கலாமோ என்று தூக்கம் வரவில்லை.

பதில்: ஒரே இடம், சுருக்கென்று வலி, நடை மாறியது. மூன்றும் சேர்ந்து வந்தால் நிற்பதைத் தவிர வேறு வழி கிடையாது, நீங்கள் நின்றீர்கள். நானாக இருந்தால் 17 வரை போயிருப்பேன், மேலே படித்தீர்களே. கேட்கிறவர்களிடம் 16 ஓடினேன் என்று சொல்லுங்கள், ஓடாதவர்களுக்கு 16-க்கும் 21-க்கும் வித்தியாசம் தெரியாது, ஓடுகிறவர்கள் எங்கே வலி என்றுதான் கேட்பார்கள்.

தூக்கம் வராமல் யோசிக்கிற நேரத்தில் வேறு ஒன்றைப் பாருங்கள். முதல் 5 கிலோமீட்டரை எந்த வேகத்தில் ஓடினீர்கள்? கடிகாரத்தில் பதிவு இருக்கும், பயிற்சியின் நீண்ட ஓட்டங்களோடு ஒப்பிடுங்கள். கிலோமீட்டருக்கு 30, 40 நொடி வேகமாக இருந்தால், கால் எங்கே தடுமாறியது என்று 16-இல் தேட வேண்டாம். அதோடு, போட்டிக்கு முந்தைய 30 நாளில் உங்கள் நீண்ட ஓட்டம் எவ்வளவு என்பதையும் பாருங்கள். 10, 11 என்று இருந்தால் அன்றைக்கு நீங்கள் ஓடிய 16 அதற்கு ரொம்ப அதிகம்.

இப்போது ஓட வேண்டாம். சுருக்கென்று வலித்த அந்த இடத்தில் விரலால் அழுத்திப் பாருங்கள். இன்னும் வலிக்கிறது என்றாலோ, சும்மா நடந்தாலே தெரிகிறது என்றாலோ, எனக்கு இன்னொரு கடிதம் எழுதிக்கொண்டு உட்காராமல் நேராக டாக்டரிடம் போய்விடுங்கள்.